“கோடு கொடுத்தாச்சே” என்கிறார். கை வைக்க முடியவில்லை

கேள்வியைச் சுருக்கிவிடுகிறேன். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ரெடிமேட் ஹோல்சேல் கடை, தண்டையார்பேட்டையில் குடோன். இரண்டுக்கும் சேர்த்து பில்லிங், ஸ்டாக் சாஃப்ட்வேர் ஒன்றை ஒரு கான்ட்ராக்டரிடம் நாலரை லட்சத்துக்கு எழுதச் சொல்லி வாங்கியிருக்கிறீர்கள். ஒப்பந்தத்தில் “சோர்ஸ் கோடு ஒப்படைக்கப்படும்” என்று ஒரே ஒரு வரி. ஜிப் ஃபைல் வந்துவிட்டது. கடைசித் தவணை 90,000 ரூபாய் இன்னும் உங்களிடம். 2025 செப்டம்பர் 22 முதல் துணிக்கு ஜிஎஸ்டி மாறியதும் வேறொரு புரோகிராமரைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். அவர் ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு, “இதுல கை வைக்க முடியாதுண்ணே” என்று எழுந்து போய்விட்டார். கான்ட்ராக்டரோ “கோடு கொடுத்தாச்சே சார்” என்கிறார். மாற்றித் தர 40,000 கேட்கிறார்.

முதலில் பணம். அந்த 90,000-ஐ இப்போது கொடுத்துவிடாதீர்கள். கொடுக்க மாட்டேன் என்றும் எழுதிவிடாதீர்கள். கொடுத்துவிட்டால் பிடிமானம் போய்விடும். மறுத்துவிட்டால், “பணம் வரவில்லை, அதனால் உரிமையும் மாறவில்லை” என்று அவர் சொல்வதற்கு நீங்களே வழி விட்டது போலாகும். “இன்னின்னவை வந்து சேர்ந்த மூன்றாம் வேலைநாளில் பணம்” என்று எழுத்தில் போடுங்கள். அந்த இன்னின்னவை எவை என்பதற்குத்தான் இவ்வளவு நீளப் பதில்.

ஒரு சாஃப்ட்வேரை எழுதியவர் நாளைக்கு அதில் திருத்தம் செய்ய உட்கார்ந்தால் எந்த ஃபைலைத் திறப்பாரோ, அதுதான் சோர்ஸ் கோடு. இலவச சாஃப்ட்வேர்கள் பலவற்றோடு வரும் ஜிபிஎல் லைசென்ஸின் 1991-ல் வந்த இரண்டாம் பதிப்பு இதைத்தான் சொல்கிறது: ஒரு படைப்பில் மாற்றம் செய்வதற்கு எந்த வடிவம் விரும்பப்படுமோ அதுவே அதன் சோர்ஸ் கோடு. எதை ஓப்பன் சோர்ஸ் (கோடு எல்லோருக்கும் திறந்த சாஃப்ட்வேர்) என்று சொல்லலாம் என்பதற்கான வரையறையின் இரண்டாம் விதி இன்னும் நேரடியானது. வேண்டுமென்றே குழப்பிய கோடு செல்லாது, கருவிகள் கக்கிய இடைநிலை வடிவங்களும் செல்லாது என்கிறது. இவை உங்கள் ஒப்பந்தத்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் அல்ல. ஆனால் ஒப்பந்தம் ஒரு சொல்லுக்கு விளக்கம் சொல்லாமல் விட்டிருந்தால், தொழிலில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்ற கேள்வி எழும். அப்போது எடுத்துக் காட்ட இவை உதவும்.

புரியவில்லை என்பதற்காகவே ஏமாற்று என்று முடிவு கட்டக் கூடாது. மோசமாக எழுதிய கோடும் புரியாது. ஐந்நூறு வரியில் ஒரே ஃபங்ஷன், ‘டெம்ப்1’, ‘டெம்ப்2’ என்று வேரியபிள்கள், கமென்ட்டே கிடையாது. இது சோம்பேறித்தனம், ஆனாலும் அசல் கோடுதான், உட்கார்ந்தால் படித்துவிடலாம். அடுத்தது மினிஃபை செய்தது. பிரவுசருக்கு அனுப்பும் ஜாவாஸ்கிரிப்ட்டை வெப்பேக், டெர்சர் போன்ற கருவிகள் இடைவெளி, கமென்ட் எல்லாம் எடுத்து ஒரே வரியாகச் சுருக்கும். வேகத்துக்காக எல்லோரும் செய்வதுதான். கான்ட்ராக்டரின் பையன் அசல் கோடு இருக்கும் ‘எஸ்ஆர்சி’ ஃபோல்டருக்குப் பதில், சுருக்கியது இருக்கும் ‘டிஸ்ட்’ ஃபோல்டரை ஜிப் போட்டு அனுப்பியிருந்தால் இப்படித்தான் இருக்கும். இது தவறுதலாகவும் நடக்கும், ஒரு மெயிலில் தீரும்.

மூன்றாவதுதான் உண்மையான குழப்படி, தொழில்மொழியில் ஆப்ஃபஸ்கேட் செய்தது. அடையாளம் சுலபம். பெயர்களெல்லாம் அடிக்கோடு, சுழியம், எக்ஸ் என்று தொடங்கி அர்த்தமில்லாத எண்ணும் எழுத்துமாக ஓடும். ஃபைலின் தலையில் நூற்றுக்கணக்கான சொற்கள் அடுக்கிய ஒரு பெரிய பட்டியல், அதைச் சுற்றிவிட்டு வரிசை மாற்றும் ஒரு ஃபங்ஷன். நேராகப் போக வேண்டிய கணக்கு ஒரு லூப்புக்குள் ஸ்விட்ச் போட்டுத் துண்டு துண்டாகச் சிதறியிருக்கும். மினிஃபை செய்யும் கருவி அளவைக் குறைக்கும். இது அளவைக் கூட்டும். ஒரே ஃபைல் எதிர்பார்த்ததைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக இருந்தால் தவறுதலாக வந்தது என்ற சமாதானம் நிற்காது; யாரோ ஒருவர் அந்தக் கருவியை வேண்டுமென்றேதான் ஓட்டியிருக்கிறார்.

நான்காவது, சர்வர் பக்கத்து பிஎச்பி ஃபைல்களை அயன்க்யூப், சோர்ஸ்கார்டியன் போன்றவற்றால் பூட்டியது. ஃபைலின் முதல் வரியில், பூட்டைத் திறந்து ஓட்டும் லோடர் சர்வரில் இருக்கிறதா என்ற சோதனை இருக்கும், அதற்குக் கீழே வெறும் எழுத்துக் குப்பை. இதில் கோடு என்று எதுவுமே இல்லை, மனிதர் படிக்க முடியாத பைட்கோடாக மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். காலாவதித் தேதி, இந்த ஐபி முகவரியில் மட்டும்தான் ஓடும் என்ற கட்டுப்பாடு எல்லாம் இதற்குள் வைக்க முடியும். லோடரும் பிஎச்பி பதிப்பும் பொருந்தியாக வேண்டும், 7.4-க்குப் பூட்டியது 8-ல் ஓடாது. 7.4-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுபோயின. ஆக, ஹோஸ்டிங்காரர் என்றைக்குப் பழைய பதிப்பை எடுக்கிறாரோ அன்றைக்கு உங்கள் கல்லாவும் நிற்கும்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால், கவுன்டரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மூன்றாம் வகை, சர்வர் பக்கத்தில் வரிக் கணக்கு ஃபைல்கள் நான்காம் வகை.

யாரிடமும் பேசுவதற்கு முன் வந்த ஜிப்பை அப்படியே ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். விண்டோஸிலேயே இருக்கும் செர்ட்யூட்டில் கட்டளையால் அதன் ஷா-256 எண்ணை (ஃபைலின் கைரேகை போன்றது) எடுத்து, 64 எழுத்தையும் ஜிப் வந்த மெயிலுக்கான பதிலில் “நீங்கள் அனுப்பிய ஃபைல் இதுதான்” என்று எழுதி அனுப்பிவிடுங்கள். “நான் அனுப்பியது வேறு” என்ற பேச்சுக்கு அதோடு முற்றுப்புள்ளி. சர்வரில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஃபோல்டர் முழுவதையும், டேட்டாபேஸின் முழு பேக்கப்பையும் அதே நாளில் எடுங்கள். ஹோஸ்டிங், டொமைன் இரண்டின் லாகின்களும் கான்ட்ராக்டர் பெயரில் இருந்தால், கோடு பஞ்சாயத்துக்கு முன்னால் அதை மாற்றுங்கள். சண்டை தொடங்கிய பிறகு கேட்டால் கிடைக்காது.

அடுத்தது பில்ட் சோதனை. “படிக்க முடிகிறதா” என்பது அபிப்பிராயம், அவரவர் ஒன்று சொல்வார்கள். “இதிலிருந்து சாஃப்ட்வேரைக் கட்ட முடிகிறதா” என்பதற்கு ஆம், இல்லை என்ற இரண்டே பதில்தான். சாஃப்ட்வேரோடு சம்பந்தமில்லாத ஒரு புரோகிராமர், காலியான ஒரு கம்ப்யூட்டர், கான்ட்ராக்டர் கொடுத்த ஜிப், அவர் எழுதிக் கொடுத்த குறிப்பு. இவ்வளவு மட்டும் வைத்து ஒரு ஓடும் பில்லிங் திரை வர வேண்டும். வந்த பிறகு ஒரு சின்ன மாற்றம்: பில்லில் ‘மொத்தம்’ என்று இருப்பதை ‘கூட்டுத் தொகை’ என்று மாற்றி மறுபடி கட்டி ஓட்டிக் காட்ட வேண்டும். இரண்டு நாள் வேலை. இந்தச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள்.

இதில் இடறும் இடங்கள் தெரிந்தவைதான். லைப்ரரிகளை (பிறர் எழுதிய ஆயத்தக் கோடு) இறக்கித் தரும் கருவிகள் என்பிஎம், கம்போசர்; எந்தப் பதிப்பு என்று குறித்து வைக்கும் அவற்றின் லாக் ஃபைல்கள் இல்லாவிட்டால் லைப்ரரிகளின் வேறு பதிப்புகள் இறங்கி, பில்ட் பாதியில் உடையும். கான்ட்ராக்டரின் சொந்த சர்வரிலிருந்து ஒரு பேக்கேஜ் இறங்க வேண்டியிருக்கும், அதற்கு உங்களிடம் அனுமதி இருக்காது. செட்டிங்ஸ் ஃபைலின் மாதிரி இல்லாமல் எந்தெந்தச் சாவி வேண்டும் என்றே தெரியாது. கணக்கின் பாதி டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்த ஸ்டோர்டு ப்ரொசீஜராக உட்கார்ந்திருக்கும், அது ஜிப்பில் வந்தே இருக்காது. குடோன் பையன்கள் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு ஸ்கேன் ஆப் இருந்தால் அதன் கையெழுத்துச் சாவியான கீஸ்டோர் ஃபைலையும் பாஸ்வேர்டையும் கேளுங்கள். ஏபிகே-வாக நேரடியாகப் போனில் ஏற்றியதென்றால், அந்தச் சாவி இல்லாமல் அதே ஆப்புக்கு அப்டேட் போட முடியாது. எல்லாப் போனிலும் அழித்துவிட்டுப் புதிதாகத்தான் ஏற்ற வேண்டும். ஆண்ட்ராய்டு கோடை ப்ரோகார்டு, ஆர்8 என்ற கருவிகள் கொண்டு சுருக்கியிருந்தால் ‘மேப்பிங்’ என்ற டெக்ஸ்ட் ஃபைல் ஒன்று உருவாகியிருக்கும். பழைய பெயருக்கும் புதிய பெயருக்கும் அகராதி அது. அதையும் பட்டியலில் சேருங்கள்.

இதையெல்லாம் வைத்து மெயிலும், அதன் அச்சுப்படியை ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். கோபம் வேண்டாம். “நீங்கள் திருத்தும்போது பயன்படுத்தும் அதே வடிவில் கோடு, கிட் வரலாற்றோடு, லாக் ஃபைல்கள், செட்டிங்ஸ் மாதிரி, டேட்டாபேஸ் ப்ரொசீஜர்கள், பில்ட் குறிப்பு. 15 நாளில். பில்ட் சோதனை தேறிய மூன்றாம் வேலைநாளில் 90,000” என்று முடியுங்கள். கிட் என்பது கோடில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்து வைக்கும் கருவி. அந்த வரலாறு ஏன் என்றால், குழப்பிய கோடில் யாரும் தினசரி வேலை செய்ய மாட்டார்கள். உண்மையான வரலாறு இருந்தால் அசலும் அதற்குள்ளேயே இருக்கும். ‘இறுதிப் பதிப்பு’ என்று ஒரே ஒரு பதிவோடு (கமிட்) வந்தால் அது அலங்காரம்.

பதில்களும் ஏறக்குறைய முன்கூட்டியே தெரிந்தவை. “செக்யூரிட்டிக்காக அப்படி செய்தோம்” என்பார்கள். உங்கள் சர்வரில், உங்கள் பாஸ்வேர்டுக்குப் பின்னால் இருக்கும் கோடை உங்களிடமிருந்தே மறைப்பதற்குப் பாதுகாப்பு என்று பெயரில்லை. “ஃபிரேம்வொர்க் அப்படித்தான் உருவாக்கும்” என்றால், எதிலிருந்து உருவாக்கியதோ அதைக் கொடுங்கள் என்று கேளுங்கள். “அதில் எங்கள் சொந்த லைப்ரரி இருக்கிறது, பத்துக் கடைக்கு அதையே கொடுத்திருக்கிறோம்” என்பது மட்டும் நியாயமான பேச்சு. அவருடைய மூலதனம் அது. அதற்கு வழி, பொது லைப்ரரிக்குப் படிக்கக்கூடிய கோடோடு பயன்படுத்தும் லைசென்ஸ், உங்களுக்கென்று எழுதிய வரி, பில், ஸ்டாக் பகுதிகளுக்கு முழு உரிமை. கடைசித் தவணை கிடைக்காமல் போகும் என்ற பயத்தில் பூட்டுகிறவர்களும் உண்டு. நம் ஊரில் அந்தப் பயம் ஆதாரமில்லாததும் அல்ல. வேலை முடிந்ததும் போனை எடுக்காத கடைக்காரர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அதனால்தான் பணத்துக்கு நாள் குறித்து எழுதச் சொன்னேன். வேறு யாரோ எழுதிய கோடைக் காசு கொடுக்காமல் எடுத்துப் போட்டிருப்பதை மறைக்கப் பூட்டுகிறவர்கள் கடைசி ரகம். அவர்கள் எந்தச் சமரசத்துக்கும் வர மாட்டார்கள், அதுவே அடையாளம்.

இதற்கிடையில் வரி மாற்றம் காத்திருக்காது. முன்பு ஒரு உருப்படி 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், மேலே 12. இப்போது 2,500 வரை 5, மேலே 18. பெயர்களைத்தான் குழப்ப முடியும், எண் ஏதோ ஒரு வேடத்தில் உள்ளேதான் இருக்கும். ஆப்ஃபஸ்கேட்டர்கள் எண்களைப் பதினாறடிமானத்தில் எழுதும்: 1000 என்பது சுழியம்-எக்ஸ்-3-ஈ-8 என்று கிடக்கும், 2500 என்பது சுழியம்-எக்ஸ்-9-சி-4. தேடினால் கவுன்டர் பக்கத்தில் நாலைந்து இடம் அகப்படும். எது வரி, எது மில்லி செகண்ட் டைமர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துத்தான் தெரியும். சோதனை சர்வரில் மட்டும்.

உங்கள் புரோகிராமர் ஏன் எழுந்து போனார் என்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு. இந்தக் கருவிகளில் ‘செல்ஃப் டிஃபென்டிங்’ என்று ஒரு வசதி இருக்கிறது. கோடை அழகாக வரி பிரித்து அடுக்கினால், அது தன் வடிவம் மாறியதைக் கண்டுபிடித்து உறைந்துவிடும். பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸைத் திறந்தாலே நின்றுபோகும் வசதியும் தனியாக உண்டு. ஆகவே வரி பிரித்த நகலைப் படிக்க மட்டும் வைத்துக்கொண்டு, திருத்தத்தை ஒரே வரியாக இருக்கும் அசலில்தான் செய்ய வேண்டும்.

கவுன்டர் திரையில் மட்டும் மாற்றினால் போதாது. சர்வர் மறுபடி கணக்கிட்டால் திரையில் ஒரு வரி, சேமித்த பில்லில் வேறு வரி என்று ஆகும். சர்வர் பக்கம் அயன்க்யூப் பூட்டு என்பதால் அங்கே எண்ணைத் தேடிப் பயனில்லை. வரி விகிதம் டேட்டாபேஸ் டேபிளில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பல சாஃப்ட்வேர்களில் அங்கேதான் இருக்கும். இருந்தால் பாதி வேலை முடிந்தது. சரியாக 2,500 ரூபாய் உருப்படிக்கு 5 சதவீதம்தான். ‘குறைவாக’ என்று எழுதிய இடத்தில் ‘குறைவாக அல்லது சமமாக’ இருக்க வேண்டும். செப்டம்பர் 22-க்கு முந்தைய பில்லுக்குச் சரக்கு திரும்பி வந்தால் கிரெடிட் நோட் பழைய விகிதத்தில் போக வேண்டும், எனவே எண்ணை அழித்து எழுதாமல் தேதியைப் பார்த்து விகிதம் எடுக்கும்படி செய்யச் சொல்லுங்கள். இது முடியாவிட்டால், வெறுப்பாக இருந்தாலும், அந்த ஒரு மாற்றத்துக்கு மட்டும் பேரம் பேசி கான்ட்ராக்டரிடமே வாங்கிக்கொள்வது தப்பில்லை. தப்பான வரியில் பில் போடுவது அதைவிடச் செலவு.

அவர் கடைசி வரை கொடுக்காவிட்டால் எவ்வளவு மீட்கலாம்? ஜாவாஸ்கிரிப்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது, சுருக்கிய கோடை அசலோடு இணைத்துக் காட்டும் சோர்ஸ் மேப். உங்கள் சர்வர் ஃபோல்டரில் ‘மேப்’ என்று முடியும் ஃபைல் இருந்தால், பல நேரம் கமென்ட் உட்பட அசல் கோடு முழுவதும் அதற்குள்ளேயே இருக்கும். குழப்பத் தெரிந்தவர்கள் இதை அழிக்க மறப்பது ஆச்சரியமாகத்தான் இருக்கிறது, ஆனால் மறக்கிறார்கள். அது இல்லையென்றால் வெப்கிராக் போன்ற கருவிகள் சொற்பட்டியலைப் பிரித்து உரிய இடத்தில் வைத்து, ஓட்டத்தை ஓரளவு நேராக்கும். பெயர்கள் திரும்பாது. ஏஐ பெயர்களை ஊகித்துத் தரும், நன்றாகவே தரும். ஆனால் தப்பான பெயரையும் அதே நம்பிக்கையோடு வைக்கும். கோடுக்குள் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கிறதா என்று பார்க்காமல் அதை எங்கும் ஒட்டாதீர்கள். ஜாவா, டாட்நெட் என்றால் டீகம்பைலரில் கட்டமைப்பு பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். பூட்டிய பிஎச்பியை “500 ரூபாய்க்குத் திறந்து தருகிறோம்” என்று சொல்லும் தளங்களிடம் கொடுக்காதீர்கள். வருவது பாதி உடைந்த கோடு, கூடவே பின்வாசல் ஒன்றும் வரலாம்.

என் கணிப்பில், உங்கள் அளவு சாஃப்ட்வேருக்கு மீட்பதைவிட மறுபடி எழுதுவதே மலிவு. காரணம் டேட்டாபேஸ். அதை யாரும் குழப்புவதில்லை. டேபிள் பெயர், அதிலுள்ள நெடுவரிசைகளின் பெயர், எது எதோடு இணைகிறது எல்லாம் வெளிச்சமாக இருக்கும். இத்தனை வருடக் கொள்முதல், பார்ட்டி பாக்கி எல்லாமும் அங்கேதான். ஒவ்வொரு திரையையும் படம் எடுத்து, ஒவ்வொரு வகை பில்லுக்கும் ஒரு மாதிரியும் சேர்த்தால் புதிதாக எழுதுகிறவருக்குப் பாதி வடிவமைப்பு கையில் இருக்கிறது.

சட்டம் பற்றி, தம்பு செட்டித் தெரு வக்கீலிடம் போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய அளவு. 1957 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 17-ம் பிரிவில், சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் எழுதியதற்குத்தான் முதலாளி முதல் உரிமையாளர். கான்ட்ராக்டர் உங்கள் ஊழியர் அல்ல. பணம் முழுவதும் கொடுத்தாலும் உரிமை தானாக உங்களிடம் வராது. 19-ம் பிரிவின்படி அவர் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தே ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். அதே சமயம் 52-ம் பிரிவு, முறையாகப் பிரதி வைத்திருப்பவர் அது எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அந்த வேலைக்காக நகல் எடுப்பதையும் தழுவி மாற்றுவதையும் அனுமதிக்கிறது. வரி எண்ணை மாற்றுவதற்கு அதுவே உங்கள் வாதம். குழப்பிய கோடைப் பிரித்து அதேபோல் வேறொரு கடைக்கு விற்பதற்கு அது இடம் தராது. தகவல் தொழில்நுட்ப (ஐடி) சட்டம் 65-ம் பிரிவில் புகார் கொடுப்பேன் என்று மிரட்டச் சொல்லிச் சிலர் யோசனை தருவார்கள். அது சட்டப்படி வைத்திருந்தே ஆக வேண்டிய சோர்ஸ் கோடை மறைப்பது, அழிப்பது பற்றியது, உங்கள் பிரச்சினைக்குப் பொருந்தாது. அவர் சாஃப்ட்வேரைத் தூரத்திலிருந்து நிறுத்திவிட்டால் கதை வேறு. உரியவருக்கு அணுகலை மறுப்பது அதே ஐடி சட்டத்தின் 43-ம் பிரிவுக்குள் வரும். மூன்று லட்சத்துக்கு மேல் மதிப்புள்ள வணிக வழக்கென்றால், அவசரத் தடை கேட்காத பட்சத்தில், 2015 வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவின்படி முதலில் சமரசத்துக்குப் போயாக வேண்டும். பல தகராறுகள் அங்கேயே முடியும்.

அடுத்த ஒப்பந்தத்தில் அந்த ஒற்றை வரிக்குப் பதில் இப்படி எழுதுங்கள்: “சோர்ஸ் கோடு என்பது, மாற்றம் செய்வதற்காக உருவாக்கியவர் தாமே பயன்படுத்தும் வடிவம். குழப்பிய, சுருக்கிய, பூட்டிய அல்லது கருவியால் உருவான வடிவம் ஒப்படைப்பாகாது. காலாவதித் தேதி, தொலைவிலிருந்து நிறுத்தும் வசதி எதுவும் அதில் இருக்காது. கொடுக்கப்பட்டவற்றை மட்டும் கொண்டு மூன்றாம் நபர் பில்ட் செய்து காட்டிய பிறகே இறுதி 30 சதவீதம். அந்தத் தொகை செலுத்தப்பட்ட நாளில் பதிப்புரிமை முழுக் காலத்துக்கும் உலகம் முழுவதற்கும் மாற்றப்படுகிறது.” கிட் கணக்கு முதல் நாளிலிருந்தே உங்கள் பெயரில் இருக்கட்டும், வாரா வாரம் அதில் கோடு ஏறட்டும். கடைசி நாளில் ஜிப் வாங்குகிற ஏற்பாடே வேண்டாம்.

புதிதாக எழுதுவதென்றால் தீபாவளிச் சீசனில் மாறாதீர்கள். பொங்கல் முடிந்ததும் தொடங்கி, மார்ச் மாதம் முழுவதும் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும். ஒவ்வொரு நாள் இரவும் இரண்டின் வரி மொத்தத்தை ஒப்பிடுங்கள். ஏப்ரல் 1-ல் புதிய பில் வரிசையோடு மாறிவிடலாம். பில் எண் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும், அந்த நிதியாண்டுக்குள் ஒன்றுபோல் இன்னொன்று வரக் கூடாது. கடைக்கும் குடோனுக்கும் வெவ்வேறு முன்னொட்டு வையுங்கள்.